ஜன்னல் வேண்டாம், வாசல் வழியே வாருங்கள்... ஆய்வாளர்களுக்கே விதி எழுதிய சான் பழங்குடிகள்!

முன்பின் தெரியாத ஒருவர் நம் வீட்டுக்கு வருகிறார். ரத்த மாதிரி எடுக்கிறார், தாத்தா பாட்டி சொன்ன வைத்தியத்தைக் கேட்டுக் குறித்துக்கொள்கிறார், கிளம்பிவிடுகிறார். அப்புறம் ஒரு தகவலும் இல்லை. நமக்கு எப்படி இருக்கும்?

தென்னாப்பிரிக்கா, நமீபியா, போட்ஸ்வானா உள்ளிட்ட நாடுகளில் வாழும் சான் பழங்குடிகளுக்குப் பல ஆண்டுகளாக இதுதான் அனுபவம். மனித இனத்தின் மிகப் பழைமையான மரபணுக் கிளைகளில் ஒன்று இவர்களுடையது. அதனால் உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் தேடி வந்தார்கள்.

`பசியை மறக்கவைக்கும் செடி’

ஹூடியா... பார்க்கக் கள்ளி மாதிரி இருக்கும் பாலைவனச் செடி. வேட்டைக்குப் போகும்போது பசி தெரியாமல் இருக்க, சான் மக்கள் இதை மெல்வார்கள். இதைத் தெரிந்துகொண்ட தென்னாப்பிரிக்க அரசின் ஆய்வு மன்றம், 1990-களில் காப்புரிமை வாங்கியது. உடல் எடையைக் குறைக்கும் மருந்தாக்குவது திட்டம். ஆனால், சான் மக்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை! போராடிய பிறகே, 2003-ல் லாபத்தில் பங்கு தரும் ஒப்பந்தம் கையெழுத்தானது.

2010-ல் அடுத்த அதிர்ச்சி. நமீபியாவின் சான் ஆண்கள் நான்கு பேரின் மரபணு ஆய்வு, `நேச்சர்’ இதழில் வெளியானது. சமூகத் தலைவர்களிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை. கட்டுரையில் தங்களை இழிவுபடுத்தும் சொற்கள் இருப்பதாகவும் அவர்கள் கொதித்தார்கள்.

விதிகள் என்ன?

2017 மார்ச்சில், சான் மக்கள் தங்களுக்கான ஆய்வு நெறிமுறையை வெளியிட்டார்கள். ஆப்பிரிக்காவில் ஒரு பழங்குடிச் சமூகம் இப்படிச் செய்தது இதுவே முதல்முறை. அதை உருவாக்கியவர்களில் ஒருவரான தலைவர் ஆண்ட்ரீஸ் ஸ்டீன்காம்ப், வெளியாகும் முன்பே 2016-ல் மறைந்துவிட்டார். ஜன்னல் வழியாக நுழையாமல் வாசல் வழியாக வாருங்கள் என்பதே ஆய்வாளர்களிடம் அவர் வைத்த வேண்டுகோள்.

* ஆய்வுத் திட்டத்துக்கு முதலில் சான் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும்.

* புரியாத சட்ட, தொழில்நுட்ப வார்த்தைகள் கூடாது. எளிமையாக விளக்க வேண்டும்.

* அனுமதியில்லாமல் தனிநபர் புகைப்படங்களை வெளியிடக் கூடாது.

* ஆய்வால் சமூகத்துக்குப் பலன் வேண்டும். மொழிபெயர்ப்பாளர், உதவியாளர் வேலைகளும் அதில் அடக்கம்.

* கட்டுரை வெளியாகும் முன் சமூகத்திடம் காட்ட வேண்டும்.

மீறினால்? அந்த ஆய்வாளருக்கு மட்டுமல்ல, அவரை அனுப்பிய நிறுவனத்துக்கும் அடுத்த முறை கதவு திறக்காது.

ஆய்வே வேண்டாம் என்று சான் மக்கள் சொல்லவில்லை. தங்கள் உடலையும் அறிவையும் பற்றிய பேச்சில், தங்களுக்கும் ஓர் இருக்கை போடச் சொல்கிறார்கள். நியாயம்தானே?