அனுமதிப் பட்டியலில் வழு நோக்கல்

யார் உட்புகலாம், யார் புகலாகாது என விதிப்பது அதிகாரத்தின் மிகப் பழைய தொழில்களுள் ஒன்று. திருகோணமலைத் துறைமுகச் சூழலில் வாழ்வோர்க்கு இது நூல்வழி அறிவன்று. கோணேசர் கோயிலுக்குச் செல்லும் பாதையே படையினர் நிலைகொண்டுள்ள பிரட்றிக் கோட்டை வாயிலூடாகத்தான் செல்கின்றது. 2007 ஆம் ஆண்டு மூதூர் கிழக்கு – சம்பூர்ப் பகுதி அவசரகால ஒழுங்குவிதியின் கீழ் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டபோது, புகாதிருத்தல் பொதுவிதியும் புகுதல் விதிவிலக்குமாயின. இத்தகைய வாயில்களில் பட்டியலின் எழுத்துக்கூட்டு ஒருவரது பிழைப்பையே தீர்மானிக்கக்கூடும். ஒரு தமிழ்ப் பெயர் சிங்கள எழுத்தில் ஒருவாறும் ஆங்கில எழுத்தில் பிறிதொருவாறும் அமைகின்றது. பட்டியலில் பெயர் இருக்கும். வாயிலில் நிற்பவன் அதற்குரியவனாகக் கொள்ளப்படமாட்டான்.

இன்று இவ்வாயிற் பணியைக் கணினி வலையமைப்புகளில் சில வரிகள் கொண்ட கோப்புகள் செய்கின்றன. இவற்றில் வழு நோக்குவது எவ்வாறு என்பதைப் பொறியியலாளர் மட்டும் அறிந்தாற் போதுமெனக் கொள்வதற்கில்லை. இலக்கண மாணவர்க்கும் இதில் கற்பதற்குண்டு.

1990 ஆம் ஆண்டு நெதர்லாந்தின் ஐண்ட்ஹோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் யுனிக்ஸ் கணினிகளுள் ஒருவன் மீண்டும் மீண்டும் அத்துமீறிப் புகுந்து, கோப்புகளை அழித்துத் தன் தடயத்தையும் மறைத்துவந்தான். அவனைக் கண்காணிக்க வீட்சே வெனெமா என்பார் எழுதிய நிரலே ரி.சி.பி. ராப்பர். வருவோரைப் பதிந்துகொள்வதே அதன் முதல் நோக்கமாயிருந்தது; தடுத்தல் அதனோடு சேர்ந்து வளர்ந்தது. 1992 இல் அவர் இதனை ஓர் ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்.

இதன் அமைப்பு எளிது. அனுமதிக் கோப்பு ஒன்று, மறுப்புக் கோப்பு ஒன்று. முதலில் அனுமதிக் கோப்பு நோக்கப்படும். பொருந்தும் வரி கிடைத்தவுடன் வாயில் திறக்கும், தேடல் நிற்கும். கிடைக்காவிடின் மறுப்புக் கோப்பு நோக்கப்படும். அங்குப் பொருந்தினால் வாயில் அடைபடும். இரண்டிலும் பொருந்தாதவர் உட்புகலாம். கோப்பே இல்லையெனில் அது வெறுமையான கோப்பாகவே கொள்ளப்படும். எனவே, எழுதாமல் விடுவதும் இங்கு ஒரு விதியாகின்றது. ஸ்குயிட் என்னும் இடைநிலைச் சேவையகத்தில் நிலைமை இன்னும் நுட்பமானது: எவ்விதியும் பொருந்தாதபோது, இறுதியாக எழுதப்பட்ட விதியின் மறுதலையே முடிவாகும். கடைசி வரியை அகற்றுபவர், தாம் தொடாத ஒருவரின் நிலையையும் மாற்றிவிடுகின்றார்.

வழுக்கள் பெரும்பாலும் அற்பமானவை போலத் தோன்றும். ‘131.155.’ என இறுதிப் புள்ளியோடு எழுதினால் அது ஒரு வலையமைப்பு முழுவதையும் குறிக்கும். அப்புள்ளி தவறினால் அப்பொருள் இல்லை. கோப்பின் இறுதி வரியின் பின் வரிமுறிவு இடப்படாவிடின் அவ்வரி புறக்கணிக்கப்படும். மறுப்புக் கோப்பில் ‘அனைவர்க்கும் அனைத்தும் மறுக்கப்படும்’ என்னும் பொருளில் அந்த ஒரே வரிதான் உள்ளதெனக் கொள்வோம். கண்ணுக்குத் தெரியாத அக்குறி இல்லாமையால் வாயில் முழுவதும் திறந்து கிடக்கும். விதிவிலக்கினுள் விதிவிலக்கு வருமிடமும் அவ்வாறே இடர் தருவது. ‘துறைமுக வலையமைப்பு, பண்டசாலை நீங்கலாக, எழுதுவினைஞரின் கணினி நீங்கலாக’ என அடுக்கினால், இரண்டாவது நீங்கல் பண்டசாலையிலிருந்தே கழிக்கப்படும். ஆதலின் பண்டசாலையிலுள்ள எழுதுவினைஞரின் கணினிக்கு அனுமதி கிடைத்துவிடும். புறனடைகளோடு பழகிய நம் உரைகாரர் இதனை உடனே இனங்கண்டிருப்பர்.

இவற்றை ஆராய வெனெமா இரு துணைநிரல்களை அளித்தார். ரி.சி.பி.டி.செக் என்பது கோப்புகளைப் படித்து, இல்லாத சேவைப்பெயர், அறியப்படாத கணினிப்பெயர், பெயருக்கும் முகவரிக்குமுள்ள முரண், பொருந்தாத பொதுக்குறி, விடுபட்ட வரிமுறிவு ஆகியவற்றைச் சுட்டும். ரி.சி.பி.டி.மெச் என்பது வேறுவகையான வினாவை எழுப்புகின்றது: குறித்த இவர் குறித்த இச்சேவையை நாடி வந்தால் என்ன நிகழும்? முன்னது வழுவை நோக்குகின்றது. பின்னது விளைவை நோக்குகின்றது. திணை, பால், இடம், காலம் ஆகியவற்றில் வழாத வாக்கியமொன்று பொய்யுரைக்கக்கூடும் என்பதை இலக்கணம் கற்றோர் அறிவர். முதல் நிரல் குறையேதும் கூறாதிருப்பதைக் கொண்டே பட்டியல் சரியென முடிவுகட்டும் வழக்கம், அவ்வாக்கியத்தை உண்மையென நம்புவதோடு ஒக்கும். இன்றைய பல சேவையகங்கள் ‘தொடரமைப்புச் சரி’ என்று விடையளிப்பதும் இவ்வளவே பொருளுடையது.

இங்கு ஒரு சமனின்மை மனங்கொள்ளத்தக்கது. பிழையான சேவைப்பெயர் மறுப்புக் கோப்பில் இருந்தால் வாயில் திறக்கும். அனைவரையும் மறுக்கும் ஒழுங்கின்கீழ் அனுமதிக் கோப்பில் இருந்தால் வாயில் அடைபடும். திறந்த வாயிலால் இழப்பவர் உடைமையாளர். அவர் அதனை அவசரமாக ஆராய்வார். அடைபட்ட வாயிலால் இழப்பவர் வெளியே நிற்பவர். அவருக்கு வழமையாக ஒரு காரணமும் சொல்லப்படுவதில்லை, தொடர்பு துண்டிக்கப்படும். பதிவேட்டில் அம்மறுப்பு எழுதப்படுகின்றது. ஆயின் பதிவேடு அவரிடம் இல்லை. வழுநோக்கும் கருவியும் பட்டியலை எழுதியவரிடமே உண்டு. தொழில்நுட்பம் வர்க்கச் சார்பற்றது எனக் கூறுவோர் இவ்விடத்தைச் சற்று நின்று நோக்குதல் நன்று.

ஓப்பன் எஸ்.எஸ்.எச். என்னும் தொலைநுழைவு மென்பொருள் 2014 இல் ராப்பருக்கான ஆதரவைக் கைவிட்டது. பெடோரா அதனை 2018 இல் நீக்கியது. தீச்சுவர் விதிகளும் பிற அனுமதிப் பட்டியல்களும் அவ்விடத்தை ஏற்றுள்ளன. சோதிக்கும் முறை பெரிதும் மாறவில்லை. புதிய கோப்பை நடைமுறைக் கோப்பின் மேல் நேரே எழுதாது, தனி அடைவில் வைத்து முதலில் தொடரமைப்பை ஆராயவேண்டும். அதன்பின் புகக்கூடாதோர் சிலரையும் புகவேண்டியோர் பலரையும் பெயர் குறித்து ஒவ்வொருவராக வினவிப் பார்க்கவேண்டும். அப்பெயர்களைப் பட்டியல் எழுதியவரின் நினைவிலிருந்து எடுத்தலாகாது. மறுக்கப்பட்டோரின் பதிவேட்டிலிருந்தும், வாயிலிற் காத்துநின்றோரின் வாய்மொழியிலிருந்தும் எடுத்தல் வேண்டும்.