உடலைப் படிக்கும் கருவிகள் – 9: ஆடாம படுங்கம்மா!

போன வாரம் ஜி.என்.ராமச்சந்திரனைப் பார்த்தோம். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கொலாஜனின் மூவிழைச் சுருளைக் கண்டறிந்தவர், 1971இல் பெங்களூரில் ஏ.வி.லட்சுமிநாராயணனோடு சேர்ந்து இன்னொன்றும் செய்தார். பல கோணங்களில் எடுத்த எக்ஸ்ரே நிழல்களிலிருந்து உள்ளிருக்கும் உருவத்தைக் கட்டியெழுப்பும் கணக்கை எளிதாக்கினார். அந்தக் கணக்குக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் கோணத்தில் இருந்த உடல் கடைசிக் கோணத்திலும் இம்மி பிசகாமல் அப்படியே இருக்க வேண்டும்.

இப்படிப் பல கோணங்களில் எக்ஸ்ரே எடுக்கும் இன்றைய சி.டி. கருவிகள் அரை நொடிக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிடுவதால் நோயாளி தப்பித்துக்கொள்கிறார். எம்.ஆர்.ஐ.யில்தான் சிக்கல்.

சுண்ணாம்புக்குளத்தை ஒட்டிய பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில், தண்ணீருக்குள் குனிந்து சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு இடுப்புவலி காலுக்கு இறங்கி, டாக்டர் முதுகுத்தண்டு ஸ்கேன் எழுதிக் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கும்மிடிப்பூண்டி வரை பஸ், அங்கிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல், எதிரே அரசுப் பொது மருத்துவமனை. அன்றைய பிழைப்பு போச்சு. குழாய்க்குள் மல்லாக்கப் படுக்கவைத்து, "ஆடாம படுங்கம்மா" என்கிறார்கள். எந்த வலிக்காக வந்தாரோ, அந்த வலியே அவரை அப்படிப் படுக்க விடாது.

எம்.ஆர்.ஐ. படம் ஒரே கணத்தில் விழுவதில்லை. மூன்று, நான்கு நிமிடம் வரிவரியாகச் சேரும் ரேடியோ சிக்னல்களிலிருந்து கணினி அதைக் கட்டுகிறது. ஒவ்வொரு வரியிலும் முழுப் படத்தின் சாயலும் கலந்திருக்கும். அதனால் இரண்டாம் நிமிடத்தில் இடுப்பை நகர்த்தினால் ஒரு மூலை மட்டுமல்ல, படம் முழுக்கக் கலங்கிவிடும். மூச்சுக்கு ஏறி இறங்கும் வயிற்றின் சாயல், நரம்பு நசுங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடத்தின் மேலேயே பட்டை பட்டையாக விழும்.

இதற்கு வழிகள் இல்லாமலில்லை. வயிற்றுப் பக்கத்துச் சிக்னலை முன்கூட்டியே அடக்கிவிடலாம். அந்தப் பட்டைகள் விழும் திசையைத் திருப்பிவிடலாம். மூச்சோடு நகரும் உறுப்புகளுக்காக, மேயோ கிளினிக்கின் ரிச்சர்ட் ஏமனும் ஜோயல் ஃபெல்ம்லியும் 1989இல் இன்னொரு வழி சொன்னார்கள். இரவில் படகு எவ்வளவு தள்ளிப்போயிருக்கிறது என்று பழவேற்காடு கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக் கணிப்பார்களே, அதுபோல இடையிடையே ஒரு சின்னச் சிக்னல் எடுத்து, உறுப்பு எவ்வளவு நகர்ந்தது என்று கருவியே அளந்து திருத்திக்கொள்ளும்.

எனக்கு மிகவும் பிடித்தது 1999இல் ஜேம்ஸ் பைப் வெளியிட்ட 'ப்ரொப்பெல்லர்' முறை. சிக்னல்களைச் சுழலும் பட்டைகளாகச் சேகரிப்பார்கள். எல்லாப் பட்டைகளும் நடுப்பகுதியைக் கடந்தே செல்வதால், நடுவை ஒப்பிட்டாலே உடல் எப்போது, எவ்வளவு திரும்பியது என்று தெரிந்துவிடும். திருத்த முடிந்ததைத் திருத்தி, கெட்டுப்போன பட்டையின் பங்கைக் குறைத்துவிடலாம். நோயாளி அசைவார் என்று முதலிலேயே ஏற்றுக்கொண்டு யோசித்த முறை இது. ஆனாலும் படத்தளத்தை விட்டே உடல் விலகினால் இதுவும் திணறும். நேரமும் கூடுதலாகப் பிடிக்கும். குறைந்த சிக்னலிலிருந்து படத்தை முடித்துத் தரும் செயற்கை நுண்ணறிவு இப்போது நேரத்தைச் சுருக்குகிறது. இல்லாததை அது வரைந்துவிடாமல் கவனிப்பது கதிரியக்க மருத்துவரின் பொறுப்பு.

படம் கலங்கினால் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதிவிடும் வழக்கத்தை என்னால் ஏற்க முடியவில்லை. மறுபடி வரச் சொன்னால் அவருக்கு இன்னொரு நாள் கூலி போகும். முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை வைத்தால் இடுப்புக்குச் சற்று இதமாக இருக்கும். டாக்டரைக் கேட்டு வலி மாத்திரையை முன்னதாகவே கொடுக்கலாம். "இது நாலு நிமிஷம்மா, முடிஞ்சதும் சொல்றேன்" என்று ஒவ்வொரு தடவையும் மைக்கில் சொல்லலாம். நீண்ட நேரம் மல்லாக்கப் படுக்க முடியாதவர் என்று டாக்டர் சீட்டிலேயே குறித்து அனுப்பினால், வலி பொறுக்கும்போதே முக்கியமான படத்தை முதலில் எடுத்துவிடலாம்.