செயற்கை நரம்பணு

நீரிழிவால் மரத்த காலுடன் என் தந்தையார் கார்பின்ஸ் கோவ் கடற்கரையில் உலாவி வந்தார். பவளத்துண்டு கிழித்ததை அவர் அறியவில்லை. வாசற்படியில் படிந்த குருதியைக் கண்டே நாங்கள் அறிந்தோம்.

நரம்பணு, பழைய புகைவண்டிக் கைகாட்டி போன்றது. பாதி இறக்கம் கிடையாது. தூண்டுதல் எல்லையைத் தாண்டியதும் ஏறத்தாழ 0.1 வோல்ட் மின்துடிப்புப் புறப்படும். வலி மிகுந்தால் துடிப்புப் பெரிதாவதில்லை. அடுக்கடுக்காக விரைந்து வரும்.

1991-இல் மஹோவால்டும் டக்ளஸும் இதனைச் சிலிக்கனில் செய்துகாட்டினர். 2025-இல் ஆம்ஹர்ஸ்ட் நகரிலுள்ள மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தார், பாக்டீரியா விளைக்கும் புரத நுண்ணிழைகளைக் கொண்டு, உடல் நரம்பின் அதே 0.1 வோல்ட்டில் இயங்கும் செயற்கை நரம்பணுவை அமைத்தனர். முந்தையவற்றுக்குப் பத்து மடங்கு மின்னழுத்தம் வேண்டியிருந்தது. உயிரணுவோடு நேரே பேச அதுவே தடை. இது இன்னும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளிவரவில்லை. தந்தையாரின் உள்ளங்காலை இரவுதோறும் விளக்கொளியில் பார்ப்பது என் பணி.