ஆயிரம் முறை ஒலித்தால்தான் கூலி

ஜவ்வாது மலையில் சாமை விளைவிப்பவர் ஒரு படி விற்றால் ஒரு படிக்குரிய விலை கைக்கு வரும். குறைவோ நிறைவோ, கணக்குக் கண்ணுக்குத் தெரியும். அவருடைய மகன் ஊர்ப் பாட்டைப் பாடிப் பதிவு செய்து இணையத்தில் ஏற்றினாலோ கணக்கே வேறு.

ஸ்பாட்டிஃபை போன்ற நிறுவனத்தார் சந்தாவையும் விளம்பர வருவாயையும் ஒரே உண்டியலில் சேர்க்கின்றனர். அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு பாட்டுரிமையாளர்களுக்குச் செல்கிறது. ஆனால் நீங்கள் மாதம் முழுவதும் அந்த மலைப் பாட்டையே கேட்டாலும், உங்கள் சந்தா அப்பாடகருக்கு நேரே போய்ச் சேராது. ஒலித்த பாட்டுகள் அனைத்திலும் அவருக்குரிய விகிதமே பங்கு. திரைப்பாட்டுகள் கோடிக்கணக்கில் ஒலிக்கும் நாட்டில் அவ்விகிதம் எம்மட்டு! மேலும் 2024 முதல், முந்திய 12 மாதங்களில் 1,000 முறை கேட்கப்படாத பாட்டுக்கு அந்நிறுவனம் பங்கே தருவதில்லை.

புகழ் பெற்றவர்க்கும் இடர் உண்டு. 2021-இல் வெளியான 'என்ஜாய் எஞ்சாமி' கடல் கடந்தும் ஒலித்தது; ஆயினும் தமக்கு ஒரு காசும் வரவில்லை என இசையமைப்பாளர் சந்தோஷ் நாராயணன் 2024-இல் கூறினார். வெளியிட்ட நிறுவனம் வேறு விளக்கம் தந்தது.

கடைக்காரராவது கொழுத்தாரோ எனில், அதுவும் அரிது. ரெஸ்ஸோ 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது. ஏர்டெல்லின் விங்க் மூடப்படும் என்ற அறிவிப்பும் அவ்வாண்டே வந்தது. 2008-இல் சேவை தொடங்கிய ஸ்பாட்டிஃபையே முழு ஆண்டு இலாபத்தை முதன்முறையாகக் கண்டது 2024-இல்தான். இலவசமாகக் கேட்டே பழகிய நம்மிடம் சந்தா வசூலிப்பது எளிதா? (நம் வீட்டுப் பிள்ளைகளையே கேட்டுப் பாருங்கள்.)

திருவிழாவிலும் திருமண வீட்டிலும் பாடி, அன்றே கையில் பெறும் சன்மானம்தான் மலைப் பாடகருக்கு இன்றும் நிச்சயமானது. அடுத்த திருவிழாவுக்கு ஒலிபெருக்கிக்காரரிடம் முன்பணம் கொடுக்கும்போது, பாடகர் ஒருவரையும் அழைக்கலாமே.