214 கோடியில் ஒரு பகா எண்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. கணிதம்)

ஒரு நாள் வகுப்பில் துணிந்து ஒன்று சொன்னேன். "2²−1, 2³−1, 2⁵−1, 2⁷−1 ஆகியவை முறையே 3, 7, 31, 127. எல்லாமே பகா எண்கள். ஆகவே அடுக்கு பகா எண்ணாயின் விடையும் பகா எண்ணே!" பேராசிரியர் மறுக்கவில்லை. "அடுத்து 11-ஐப் போட்டுப் பார்" என்றார். 2¹¹−1 = 2047 = 23 × 89. வகுப்பே சிரித்தது. அந்த வெட்கத்தோடு நூலகத்திற்குச் சென்று தேடியதன் பயனே இக்கட்டுரை.

இவ்வகை எண்கள், பிரான்சு நாட்டுத் துறவி மெர்சென் பெயரால் வழங்குகின்றன. 1644-இல் அவர் வெளியிட்ட பட்டியலில், பகா எண் தரும் அடுக்குகளுள் 31-உம் இடம்பெற்றது. ஆனால் நிரூபணம் தரப்படவில்லை.

2³¹−1 = 2147483647. அதாவது, 214 கோடியே 74 இலட்சத்து 83 ஆயிரத்து 647. இது பகா எண்தானா? நேர்வழியில் சோதிக்க, இதன் வர்க்கமூலத்தை ஒட்டி 46,340 வரையுள்ள பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுக்க வேண்டும். அவை நாலாயிரத்திற்கும் மேற்பட்டவை!

செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் வாழ்ந்த ஆய்லர் வேறு வழி கண்டார். அப்போது அவர் ஏறத்தாழ முழுமையாகப் பார்வை இழந்திருந்தார் என்பதை நினைவில் கொள்க.

'ப' என்பது 2³¹−1-இன் பகாக் காரணி எனக் கொள்வோம். ஃபெர்மாவின் தேற்றப்படி, 2-இன் (ப−1)ஆம் அடுக்கிலிருந்து 1 கழித்தால் வரும் எண்ணையும் 'ப' வகுக்கும். 31, ப−1 ஆகியவற்றின் மீ.பொ.வ. 1 ஆனால், 'ப' 2¹−1-ஐயும், அதாவது 1-ஐயும் வகுக்க வேண்டிவரும். அது இயலாது. எனவே ப−1 என்பது 31-இன் மடங்கு. 'ப' ஒற்றை எண் ஆதலால் ப−1 இரட்டை எண். ஆகவே அது 62-இன் மடங்கு. மேலும், 8-ஆல் வகுத்தால் 'ப' தரும் மீதி 1 அல்லது 7 ஆகவே இருக்கும் என்பதும் நிறுவப்பட்டுள்ளது. இரண்டையும் இணைத்தால், 'ப'-வை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63.

46,340-க்குள் இத்தகைய எண்கள், 1 நீங்கலாக, 373 மட்டுமே. அவற்றுள்ளும் பகா எண்களால் வகுத்தாலே போதும். எதுவும் மீதியின்றி வகுக்கவில்லை. 2³¹−1 பகா எண்ணே என்பதை 1772-இல் பெர்னூலிக்கு எழுதிய கடிதத்தில் ஆய்லர் தெரிவித்தார்.

என்னைத் தலைகுனிய வைத்த 2047-ஐ இப்போது பாருங்கள். அடுக்கு 11, ஆகவே காரணிகள் 22-இன் மடங்கைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும். 23 = 22+1; 89 = 88+1. அவற்றை 8-ஆல் வகுத்தால் மீதி 7, 1. விதி சிறிதும் பிசகவில்லை!

2³¹−1 தரும் நிறைவெண்ணினும் பெரிய நிறைவெண்ணை எவரும் தேட மாட்டார் என்ற கருத்தில் இங்கிலாந்தின் பீட்டர் பார்லோ 1811-இல் எழுதினார். 1876-இலேயே, 39 இலக்கங்கள் கொண்ட 2¹²⁷−1 பகா எண் எனப் பிரான்சின் லூக்கா காட்டினார். 2024 அக்டோபரில் கணிப்பொறிகளின் துணையால் உறுதியான மெர்சென் பகா எண்ணின் அடுக்கு 13,62,79,841. அதன் இலக்கங்கள் 4,10,24,320!

நான்கு எடுத்துக்காட்டுகளைக் கொண்டு நான் விதி வகுத்தேன்; ஐந்தாவது அதைத் தகர்த்தது. பேராசிரியர் அன்று என்னைத் திருத்தாமல் வகுத்துப் பார்க்கச் சொன்னதன் அருமை இப்போது புரிகிறது.