டிராப் வந்தாச்சு, பேஸ் எங்க போச்சு?

(எபிசோடின் சுருக்கித் திருத்திய எழுத்து வடிவம்)

பகல்ல கோட், ராத்திரி சின்தசைசர். திருவண்ணாமலையில இருந்து பேசுறேன்.

போன எபிசோடுக்கு அப்புறம் ஒரு தம்பி மெசேஜ் போட்டிருந்தார். "அண்ணா, எலக்ட்ரோ ஹவுஸ் டிராக் ஒண்ணு பண்ணிருக்கேன். ஹெட்ஃபோன்ல டிராப் செமயா அடிக்குது. அதையே அம்மா ஃபோன்ல போட்டா பேஸே காணோம். திருவிழா பாக்ஸ்ல போட்டா கொழகொழன்னு இருக்கு. வர்ற திருவிழாவுல ஃபிரெண்ட்ஸ் டான்ஸுக்கு இதைத்தான் போடப் போறோம். என்ன பண்றது?"

ரொம்ப நியாயமான கேள்வி. ஹெட்ஃபோன், ஃபோன் ஸ்பீக்கர், திருவிழா பாக்ஸ். நம்ம ஊர்ல ஒரு பாட்டு இந்த மூணுலயும் பொழைக்கணும். ஒவ்வொண்ணா பார்ப்போம்.

முதல்ல கணக்கு

எலக்ட்ரோ ஹவுஸ் பெரும்பாலும் 125-லேர்ந்து 130 பிபிஎம் வேகத்துல இருக்கும். 128-ன்னு வெச்சுக்குவோம். ஒரு பீட் சுமார் 469 மில்லிசெகண்ட். 16 பார், அதாவது 64 பீட், சரியா 30 செகண்ட். டிராப்போட ஒரு பகுதி வழக்கமா இந்த அளவுதான். இந்த 30 செகண்டுல பாடகர் கிடையாது, பல்லவி கிடையாது. மெலடி வேலையையும் பேஸ்தான் பாக்கணும். 2002-ல வந்த பென்னி பெனாசியோட 'சாட்டிஸ்ஃபேக்‌ஷன்' கேட்டுப் பாருங்க. கரகரன்னு ஒரு பேஸ்தான் அந்தப் பாட்டோட முகமே.

டிராப் பெருசா தெரியறதுக்குக் காரணம் சத்தம் மட்டும் இல்ல. அதுக்கு முன்னாடி என்ன இல்லாம இருந்துச்சுங்கறதும்தான். பில்டப்புல கடைசி 8 பாருக்கு கீழ் அதிர்வெண்களை ஃபில்டர் போட்டு மெல்ல எடுத்துடுங்க. டிராப்புக்கு ஒரு பீட் முன்னாடி எல்லாத்தையும் நிறுத்துங்க. காது அந்த அரை செகண்டுல ஏங்கிப் போயிடும். அப்புறம் வர்ற பேஸ் அதே வால்யூம்ல இருந்தாலும் ரெண்டு மடங்கா தெரியும்.

ஃபோன்ல ஏன் காணாம போகுது?

தம்பியோட பேஸ் எஃப் ஸ்வரத்துல இருக்குன்னு வெச்சுக்குவோம். அடியில இருக்கிற எஃப் சுமார் 44 ஹெர்ட்ஸ். ஃபோன் ஸ்பீக்கர் நகம் சைஸ். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழ அதால பெருசா எதையும் தள்ள முடியாது. சைன் அலையில 44-ஐத் தவிர வேற ஒண்ணுமே இல்ல. அதனால ஃபோன்ல மௌனம்.

ரம்பப் பல் மாதிரி இருக்கிற சா அலை வேற கதை. அதுல 44-ஓட சேர்ந்து 87, 131, 175, 218, 262-ன்னு மடங்குகள் எல்லாம் வரும். ஃபோன் கடைசி ரெண்டையும் அதுக்கு மேல உள்ளதையும் மட்டும் காட்டும். ஆனா அந்த மடங்குகளுக்கு நடுவுல இருக்கிற இடைவெளி 44-தானே? நம்ம மூளை அதைப் பிடிச்சு, இல்லாத அடி ஸ்வரத்தைத் தானே நிரப்பிக்கும். ஸ்பீக்கர்ல வராத பேஸை நீங்க கேப்பீங்க.

அதனால பேஸை ரெண்டு லேயரா பிரிங்க.

கீழ் லேயர், சப். சுத்தமான சைன் அலை. மோனோ. ரிவெர்ப், டீட்யூன் எதுவும் வேண்டாம்.

மேல் லேயர், மிட் பேஸ். ரெண்டு சா அலை, ஒண்ணை 10 சென்ட் அளவுக்கு நகர்த்தி வெச்சா உரசல் வரும். அதுக்கு மேல டிஸ்டார்ஷன். அது புது மடங்குகளை உண்டாக்கும். கடைசியா 100 ஹெர்ட்ஸுக்குக் கீழ வெட்டிடுங்க, ஏன்னா அங்க சப் உக்காந்திருக்கு.

ஃபோனுக்கு மேல் லேயர், பாக்ஸுக்குக் கீழ் லேயர். இதுக்குக் காசு கொடுத்து பிளக்-இன் வாங்கணும்னு இல்ல. வைட்டல் சின்தசைசரோட இலவச வெர்ஷன் போதும்.

உடுக்கைக்காரரோட இடது கை

இப்போ பேஸ் கேக்குது, ஆனா செத்த மாதிரி இருக்கும். உயிர் வரணும்னா அசைவு வேணும். இதை எங்க பக்கத்து அம்மன் கோயில் திருவிழாவுல கத்துக்கலாம். உடுக்கை அடிக்கிறவரைப் பாருங்க. வலது கை தட்டுது. இடது கை நடுவுல இருக்கிற கயித்தை அமுக்குது. அமுக்கினா தோல் இறுகி சுருதி ஏறும், விட்டா இறங்கும். ஒரே தோல், ஒரே தட்டு, ஆனா அது பேசுற மாதிரி இருக்கும்.

சின்தசைசர்ல வலது கைதான் நீங்க எழுதுற நோட்டு. இடது கைதான் மாடுலேஷன். மிட் பேஸ்ல லோ-பாஸ் ஃபில்டர் போட்டு, ஒவ்வொரு நோட்டுக்கும் அது 200 ஹெர்ட்ஸ்ல இருந்து 2000 வரைக்கும் திறந்து மூடுற மாதிரி என்வலப் வெச்சா "வௌ"ன்னு வாய் திறக்கும். எல்எஃப்ஓ வெச்சா அந்த வாய் தாளத்தோட திறந்து திறந்து மூடும். கிளைடு போட்டா ஒரு நோட்டுல இருந்து இன்னொண்ணுக்கு வழுக்கும். எல்லாத்தையும் ஒரே பார்ல கொட்டாதீங்க. முதல் 2 பார் ஒரே மாதிரி, மூணாவதுல சின்ன மாற்றம், நாலாவதுல கேள்விக்குப் பதில். உடுக்கைக்காரரும் எப்பவுமே அமுக்கிட்டே இருக்க மாட்டார்.

பாக்ஸ்ல ஏன் கொழகொழ?

ரெண்டு காரணம். ஒண்ணு, கிக்கும் சப்பும் ஒரே இடத்துல, ஒரே நேரத்துல மோதுது. எங்க ஊர்ல தீபத் திருவிழா தேரோட்டம் பாத்தவங்களுக்கு இது ஈஸி. தேர் வரும்போது மாட வீதியில கூட்டம் ஒதுங்கும், தேர் தாண்டினதும் பின்னாடியே வந்து நிரம்பிடும். சைடுசெயின் அதுதான். கிக் அடிக்கிற நொடியில கம்ப்ரெஸர் பேஸை அமுக்கும், அப்புறம் மெல்ல விடும். 128 வேகத்துல ஆஃப்பீட் வர 234 மில்லிசெகண்ட் ஆகும். அதுக்குள்ள பேஸ் முழுசா மேல வந்துடணும். லேட்டா வந்தா ஆஃப்பீட் நோட்டு அமுங்கிப் போகும், ரொம்ப சீக்கிரம் வந்தா கிக்கோட வால் மேல ஏறிடும்.

ரெண்டாவது காரணம் மோனோ. திருவிழா செட்டுல பல நேரம் இடது வலதைச் சேர்த்து ஒண்ணாத்தான் ஓட்டுவாங்க. உங்க சப் ஸ்டீரியோவா விரிஞ்சிருந்தா, ரெண்டு பக்கமும் சேரும்போது ஒண்ணை ஒண்ணு கழிச்சுக்கும். அதனால மிக்ஸ் பண்ணும்போதே மோனோ பட்டனைத் தட்டித் தட்டிக் கேளுங்க. அதோட, சப் நோட்டுகளுக்கு நடுவுல கொஞ்சம் மூச்சு விடுங்க. தெருவுல சுவத்துல பட்டுத் திரும்பற சத்தமே அந்த இடைவெளியை நிரப்பிடும்.

இதெல்லாம் நம்ம மியூசிக்கா?

இதுவும் அடிக்கடி வர்ற கேள்வி. அதுக்கு சரண்ஜித் சிங் ஒருத்தர் போதும். பம்பாய்ல இந்திப் படங்களுக்கு வாசிச்ச செஷன் கலைஞர். 1982-ல ரோலண்ட் கம்பெனியோட டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 மூணையும் வெச்சு, டிஸ்கோ பீட் மேல பத்து ராகங்களை வாசிச்சு ஒரு ஆல்பம் பதிவு பண்ணார். டிபி-303 பேஸ் கிட்டாருக்குப் பதிலா வந்த மெஷின். வியாபாரம் படுத்துப் போய் 1984-ல உற்பத்தியையே நிறுத்திட்டாங்க. அதுக்கப்புறம் சிகாகோ பசங்க பழைய 303-ஐத் திருகி ஆசிட் ஹவுஸ் உண்டாக்கினாங்க. ஃபியூச்சர் குழுவோட 'ஆசிட் டிராக்ஸ்' வந்தது 1987-ல. சிங் அதுக்கு அஞ்சு வருஷம் முன்னாடி.

ஆல்பம் அப்போ போகல. 2010-ல நெதர்லாந்து லேபிள் ஒண்ணு மறுபடி வெளியிட்ட பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்துச்சு. 2015-ல அவர் காலமானார். 303-ல நோட்டை வழுக்க வைக்கிற ஸ்லைடு வசதி இருக்கு. நாம ஜாருன்னு சொல்றோம் இல்லையா, அந்த வேலையை அது செய்யும்னு அவரோட காதுக்குத் தெரிஞ்சிருக்கு.

அவர் எடுத்த ராகங்கள்ல மால்கௌன்ஸ் நமக்கு ஹிந்தோளம். உங்க டிராப்புக்கு அதையே எடுத்துப் பாருங்க. எஃப் ஸட்ஜம்னா எஃப், ஏ ஃபிளாட், பி ஃபிளாட், டி ஃபிளாட், இ ஃபிளாட். பஞ்சமம் கிடையாது. வழக்கமா பேஸ்லைன் பஞ்சமத்துலதான் சாஞ்சு நிக்கும். அது இல்லாதப்போ ஒரு தவிப்பு வரும், டிராப்புக்கு அது நல்லது. ஒரு விஷயம் மட்டும் கவனிங்க. கீழ் நிஷாதம் போனா 39 ஹெர்ட்ஸ். பல பாக்ஸ் அங்க கை விரிச்சிடும். அந்த நோட்டை மட்டும் ஒரு ஆக்டேவ் மேல, 78-ல வையுங்க.

கடைசியா

தம்பி, இந்த வாரம் மூணு டெஸ்ட் பண்ணுங்க. ஃபோன்ல போட்டு பேஸ்லைனை முணுமுணுக்க முடியுதான்னு பாருங்க. மோனோல சப் நிக்குதான்னு பாருங்க. திருவிழா அன்னைக்கு சாயங்காலமே பாக்ஸ்ல ஒரு நிமிஷம் ஓட்டிப் பாருங்க.

இன்னொண்ணு, நேரம். 2000-ல வந்த ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணிலேர்ந்து காலை 6 வரைக்கும் பொது இடத்துல ஸ்பீக்கர் கூடாது. வருஷத்துல 15 நாளுக்கு மிகாம, நள்ளிரவு வரைக்கும் மாநில அரசு தளர்த்தலாம். எப்படியும் அனுமதி இருக்கான்னு கேட்டுக்கோங்க. 44 ஹெர்ட்ஸ் அலையோட நீளம் கிட்டத்தட்ட 8 மீட்டர். சாதாரண வீட்டுச் சுவர் அதுக்குப் பெரிய தடை இல்ல. அடுத்த தெருவுல உங்க மெலடி கேக்காது, சப் மட்டும் போய் பாத்திரத்தை ஆட்டும். அங்க கைக்குழந்தை தூங்கலாம், ஆபரேஷன் முடிஞ்சு ஒருத்தர் படுத்திருக்கலாம். ஒன்பதரைக்கு டிராப்பை வெச்சுக்கோங்க, பத்துக்கு ஆஃப் பண்ணிடுங்க.

டிராக் ரெடியானா அனுப்புங்க, நானும் ஃபோன் ஸ்பீக்கர்லயே கேக்குறேன். அடுத்த எபிசோடுல கிக் டிரம்மை அடியில இருந்து செய்வோம். பார்ப்போம் மக்களே.