இருபத்திரண்டு பெண்களும் ஒரு பதிவுச் சான்றிதழும்

ஓர் அமைப்பு எப்போது பிறக்கிறது? நாலு பேர் ஓர் அறையில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்த அன்றைக்கா, பெயர் வைத்த அன்றைக்கா, அரசாங்க அலுவலகத்தில் பதிவு செய்த அன்றைக்கா, முதல்முறையாகத் தெருவில் இறங்கிய அன்றைக்கா? இயக்கங்களில் இருந்தவர்களுக்கு இது சும்மா தத்துவ விசாரம் இல்லை. உடைந்துபோன அமைப்பின் பெயர் யாருக்கு, ரசீதுப் புத்தகம் யாருக்கு, ரப்பர் ஸ்டாம்ப் யார் வீட்டு அலமாரியில் கிடக்கிறது என்று மாதக்கணக்கில் சண்டை போட்டவர்களுக்கு இந்தக் கேள்வியின் கனம் தெரியும். முதுகலை படித்த காலத்தில் நாங்கள் தொடங்கிய வாசகர் வட்டம் பெயர் வைக்கிற கூட்டத்திலேயே இரண்டாகப் போனது. அதில் நான் எந்தப் பக்கம் என்பது இப்போது முக்கியமில்லை.

நான் இங்கே எடுத்துக்கொள்வது 1913 ஜனவரி மாதம், வாஷிங்டனில் ஹோவர்டு பல்கலைக்கழக வளாகத்தில் நடந்த ஓர் உடைப்பை. கருப்பினப் பெண்கள் கட்டிய முதல் சொராரிட்டி அங்கே 1908இல் தோன்றியது. ஐந்தே ஆண்டில் அதிலிருந்து இன்னொன்று பிரிந்தது. இரண்டும் இன்றைக்கும் இருக்கின்றன.

முதலில் அந்தச் சொல்லைத் தீர்த்துக்கொள்வோம். 'சகோதரியர் சங்கம்' என்றால் கன்னியர் மடம் மாதிரி ஒலிக்கிறது. 'மகளிர் மன்றம்' என்றதும் கோலப்போட்டியும் ஊறுகாய்ப் பயிற்சியும் ஞாபகத்துக்கு வந்துவிடுகின்றன. சங்க இலக்கியத்தில் தலைவியைச் சூழ்ந்திருக்கும் பெண்கூட்டத்துக்கு ஆயம் என்று பெயர், நல்ல சொல்தான். ஆனால் ஆயம் என்றால் நடுவில் ஒரு தலைவி இருந்தாக வேண்டும், சுற்றி நிற்பவர்களுக்குப் பெயரே கிடையாது. ஆகவே சொராரிட்டி என்றே வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவிலும் அது பிற்பாடு செய்த சொல்தான். மான்மத் கல்லூரியில் 1867இல் தொடங்கியது, இன்டியானாவில் 1870இல் தொடங்கியது என்று முதலில் வந்த பெண்கள் அமைப்புகளெல்லாம் தம்மைப் 'பெண்களின் ஃப்ரட்டர்னிட்டி' என்றுதான் சொல்லிக்கொண்டன. அதாவது, 'பெண்களின் சகோதரர் சங்கம்'! சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு லத்தீன் பேராசிரியர்தான் 1882இல் சகோதரி என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து இந்தப் பெயரை உருவாக்கிக் கொடுத்தார். பெண்கள் தமக்கெனக் கட்டிய அமைப்பின் வகைப்பெயரைக்கூட ஓர் ஆண்தான் சூட்ட வேண்டியிருந்தது.

இதன் உள்கட்டமைப்பு எளிது. இரண்டு மூன்று கிரேக்க எழுத்துக்கள் பெயராகும். நிறம், சின்னம், கைச்சைகை, உறுதிமொழி, வெளியாளுக்குச் சொல்லக்கூடாத சடங்கு இவையெல்லாம் இருக்கும். முக்கியமானது, யாரைச் சேர்ப்பது என்பதை ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். சேர்ந்தால் ஆயுளுக்கும் உறுப்பினர். கிரேக்க எழுத்து எதற்கு என்றால், 1776இலிருந்தே அது அமெரிக்கக் கல்லூரி ஆண்களின் அறிவுக் கழகங்களுக்கான அடையாளம். செவ்வியல் மொழி தெரிந்தவன் கனவான். அந்தக் கனவான்தனத்தில் பெண்ணுக்கு இடமில்லை, கருப்பருக்கு அறவே இல்லை.

இப்படிப்பட்ட ஒன்றை, அடிமைமுறை ஒழிந்து இரண்டு தலைமுறைகூட முழுதாக ஆகாத நிலையில், கருப்பினப் பெண்கள் ஏன் எடுத்துக்கொண்டார்கள்? 'போலச் செய்தல்' என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிடுவது சுலபம். ஆனால் ஹோவர்டு 1867இல் நாடாளுமன்றச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம். அங்கே படித்தவர்கள் கிரேக்கமும் லத்தீனும் பாடமாகவே படித்தார்கள். அந்த எழுத்துக்கள் அவர்கள் திருடிக்கொண்டவை அல்ல, தேர்வெழுதிச் சம்பாதித்தவை. 1908 ஜனவரி 15 அன்று எதெல் ஹெட்ஜ்மன் என்ற மாணவி தோழிகளைக் கூட்டி ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவைத் தொடங்கினார். ஒன்பது பேரோடு ஆரம்பித்து, சீக்கிரமே இன்னும் ஏழு பேரைச் சேர்த்துக்கொண்டார்கள். முதல் ஒன்பது பேரில் ஒருவர் லூசி டிக்ஸ் ஸ்லோ. அந்த வருட வகுப்பில் முதல் மாணவியாகத் தேறியவர். 1922இல் ஹோவர்டின் முதல் மகளிர் முதல்வராகத் திரும்பி வந்தவர். மாணவிகளைக் குழந்தைகளைப்போல நடத்தும் விடுதி விதிகளை எதிர்த்து, நிர்வாகத்தோடு இறக்கும்வரை மல்லுக்கட்டினார்.

இனி உடைப்பு. 1912 வாக்கில் இந்த அமைப்பில் இருந்த மாணவிகள் இருபத்திரண்டு பேருக்கு அதிருப்தி வந்துவிட்டது. பெயர் பிடிக்கவில்லை. ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்று கருப்பின ஆண்களின் ஃப்ரட்டர்னிட்டி ஒன்று 1906இல் கார்னெலில் தொடங்கியிருந்தது; நம் பெயர் அதன் நிழல் மாதிரி இருக்கிறதே என்பது ஒரு குறை. நிறம், சின்னம், அமைப்புச் சட்டம் எல்லாமே மாற வேண்டும் என்றார்கள். இவை மேற்பரப்பு. உள்ளே இருந்தவை வேறு இரண்டு. ஒன்று: இந்த அமைப்பு ஹோவர்டு வளாகத்தோடு முடங்காமல் மற்ற ஊர்களிலும் கிளை வைக்க வேண்டும், அதற்கான சட்ட அதிகாரம் அதனிடம் இல்லை. இன்னொன்று: இசையும் விருந்தும் கலாச்சார மாலைகளும் போதாது, வாக்குரிமை மாதிரி வெளியுலக விவகாரங்களில் இறங்க வேண்டும். தலைவியாக இருந்த மைரா டேவிஸே மாற்றத்தின் பக்கம் நின்றார். பெரும்பான்மை அவர்கள் கையில் இருந்தது. தீர்மானம் போட்டால் முடிந்தது, அப்படித்தானே?

அப்படி முடியவில்லை. அந்த வருடம்தான் படித்து முடித்து வெளியே போயிருந்த நெல்லி குவாண்டர் குறுக்கே நின்றார். பெயரை மாற்ற உங்களுக்கு உரிமையில்லை, முடிவை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கெடு வைத்தார். மாணவிகள் மசியவில்லை. 1913 ஜனவரி 13 அன்று டெல்ட்டா சிக்மா தீட்டாவாகப் பிரிந்தார்கள். குவாண்டர் என்ன செய்தார்? அறிக்கை விடவில்லை, சாபம் கொடுக்கவில்லை. தோழிகள் சிலரோடு போய் ஜனவரி 29 அன்று பழைய பெயரைச் சட்டப்படி பதிவு செய்துவிட்டார். பெயர், சின்னம் எல்லாம் இனி ஒரு நிரந்தரச் சட்ட உருவின் சொத்து. அடுத்த வருடம் வரும் எந்தப் பெரும்பான்மையும் அதைக் கலைக்க முடியாது. இன்றைக்கு அந்த அமைப்பு தன் நிறுவனர்கள் என்று இருபது பேரைக் கணக்குச் சொல்கிறது. அதில் 1913இல் பதிவு செய்தவர்களும் அடக்கம். காப்பாற்றியவரும் நிறுவனரே என்பது அவர்கள் வாசிப்பு.

இந்தக் கதைக்கு இரண்டு பிரதிகள் இருக்கின்றன. டெல்ட்டா தரப்பில், தேங்கிப்போன ஒன்றிலிருந்து அரசியல் உணர்வோடு புறப்பட்ட பெண்களின் கதை. பவ்லா கிடிங்ஸ் 1988இல் எழுதிய டெல்ட்டா வரலாறு இதைத்தான் விரிவாகப் பேசுகிறது. ஆல்ஃபா தரப்பில், மூத்தவர்கள் நட்டதை ஒரே கூட்டத்தில் பிடுங்கப் பார்த்த அவசரக்காரர்களின் கதை. முதலில் வாசித்தபோது எனக்கு எந்தத் தயக்கமும் இருக்கவில்லை. இருபத்திரண்டு பேர்தான் என் ஆட்கள், குவாண்டர் அதிகார வர்க்கம். நம்மிடம் பிளவு என்றாலே பிரிந்துபோனவர் புரட்சிக்காரர், தங்கியவர் பிழைப்புவாதி என்று ஒரு வாய்ப்பாடு இருக்கிறது. இப்போது அவ்வளவு நிச்சயமாக இல்லை. மாணவர் அமைப்பு நாலு வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் மாறுகிற உடம்பு. அதில் இன்றைய பெரும்பான்மைக்கே எல்லா அதிகாரமும் என்றால் முந்தையவர்களின் உழைப்புக்கு நினைவே மிஞ்சாது. கருப்பினப் பெண்களின் நிறுவனங்களை வெளியிலிருந்து அழிக்க அத்தனை பேர் காத்துக் கிடந்த நாட்டில், 'நிரந்தரம்' என்று காகிதத்தில் எழுதி முத்திரை வாங்கியதும் ஒரு அரசியல் செயல்தான். பிரிந்தவர்கள் வைத்த குறையிலேயே ஒன்றைப் பிரியாதவர் நிறைவேற்றினார் என்பதையும் கவனியுங்கள்: கிளை வைப்பதற்கான சட்ட அதிகாரம்.

ஆனால் தெருவுக்கு முதலில் வந்தவர்கள் டெல்ட்டாக்கள். 1913 மார்ச் 3, உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள். அலிஸ் பால் முன்னின்று நடத்திய பெண் வாக்குரிமைப் பேரணி பென்சில்வேனியா சாலையில் போனது. ஐயாயிரம் பேருக்கு மேல். வேடிக்கை பார்க்க வந்த ஆண் கூட்டம் பெண்களைப் பிடித்துத் தள்ளியது, எச்சில் துப்பியது. நூறு பேர் வரை ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியதாயிற்று. இது வெள்ளைப் பெண்களுக்கு நேர்ந்தது. கருப்பினப் பெண்களுக்கு அதற்கு முன்பே வேறொன்று நேர்ந்தது. அவர்கள் கூட வந்தால் தென்மாநிலத்துப் பெண்கள் வரமாட்டார்கள் என்று அமைப்பாளர்கள் இழுத்தடித்தார்கள். இல்லினாய் மாநிலக் குழுவோடு வந்திருந்த ஐடா பி. வெல்ஸைக் கடைசியில் போய் நடக்கச் சொன்னார்கள். அவர் கூட்டத்துக்குள் ஒதுங்கி நின்று, தம் மாநில அணி வந்ததும் உள்ளே புகுந்து அதனோடேயே நடந்தார். ஹோவர்டு மாணவிகளோடு மேரி சர்ச் டெரல் நடந்தார். டெல்ட்டாவின் உறுதிமொழியை அடுத்த வருடம் எழுதிக் கொடுத்தவரும் அவர்தான். பிறந்து ஏழு வாரமான ஓர் அமைப்பு, தன்னை வேண்டாவெறுப்பாக ஏற்றுக்கொண்ட ஒரு பேரணியில் தன் முதல் பொதுக்காரியத்தைச் செய்தது. பெண்கள் வாக்குரிமைக்கான அரசியல் சட்டத் திருத்தம் 1920இல் வந்தது. தெற்கில் இருந்த கருப்பினப் பெண்களுக்கு அது நடைமுறையில் கையில் கிடைக்க 1965 ஆக வேண்டியிருந்தது.

அதனால் டெல்ட்டா அரசியல், ஆல்ஃபா தேநீர் விருந்து என்று முடித்துவிடலாமா? முடியாது. 1935இல் ஆல்ஃபா பெண்கள் மிசிசிப்பியில் ஒரு மருத்துவத் திட்டத்தைத் தொடங்கினார்கள். டாக்டர் டாரதி போல்டிங் ஃபெரபீ தலைமை. பருத்திப் பண்ணை முதலாளிகள் தம் குத்தகைக் கூலிகளை மருத்துவ முகாமுக்குப் போக விடவில்லை. உடனே முகாமைக் காரில் ஏற்றிப் பண்ணைக்கே கொண்டுபோனார்கள். 1942 வரை கோடைகாலங்களில் அம்மைத் தடுப்பு, டிப்தீரியாத் தடுப்பு, பல் வைத்தியம் என்று ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு நடந்தது. நிரந்தரப் பதிவு இல்லாத அமைப்பால், நிதி திரட்டி, மருத்துவர்களைத் திரட்டி, வருடாவருடம் இப்படித் திரும்பி வந்திருக்க முடியாது.

இதுவரை சொன்னது புகழ்ச்சி. மறுபக்கம் கிடக்கிறது. 'சகோதரி' என்று அழைப்பவர்கள், யார் சகோதரி ஆகலாம் என்பதை வடிகட்டுகிறார்கள். கல்லூரி வாசல் மிதித்தவளுக்குத்தான் அழைப்பு. துணி வெளுத்து மகளைக் கல்லூரிக்கு அனுப்பிய தாய்க்கு இல்லை. ஹோவர்டிலேயே சமூகவியல் சொல்லிக்கொடுத்த ஃபிராங்ளின் ஃபிரேஸியர், கருப்பின மத்தியதர வர்க்கத்தைப் பற்றிய தம் நூலில் (ஆங்கிலத்தில் 1957) இந்தக் கிரேக்க எழுத்துச் சங்கங்களை வெள்ளை மேட்டிமையின் நகல் என்று கடுமையாகச் சாடினார். தோலின் நிறமும் உள்ளே நுழைந்திருந்தது. ஸ்பைக் லீயின் 'ஸ்கூல் டேஸ்' (1988) இந்த வெளிர்நிற மோகத்தையும் கேசச் சண்டையையும் காட்டியபோது பலருக்குக் கோபம் வந்தது. பொய் என்பதாலா, வீட்டு விஷயத்தை வெளியே சொன்னதாலா என்று யோசிக்க வேண்டும். புதியவர்களை வதைக்கும் சேர்க்கைச் சடங்கைக் கருப்பின அமைப்புகள் 1990இல் அதிகாரபூர்வமாக நிறுத்தின. அது ரகசியமாகத் தொடர்ந்தது வேறு கதை. ஒடுக்கப்பட்டவர்கள் தமக்கெனக் கட்டும் இடத்தில், தம்மை ஒடுக்கிய இடத்தின் கதவும் தாழ்ப்பாளும் கூடவே வந்து பொருந்திவிடுகின்றன. இதற்காகக் கட்டடமே வேண்டாம் என்று சொல்ல நான் தயாரில்லை. கதவை மட்டும் கழற்ற முடியுமா என்பதே என் கேள்வி, அதற்கு இந்த வரலாற்றில் நேரடி விடை கிடைக்கவில்லை. வெள்ளையர் வீட்டுத் தாழ்ப்பாள் எவ்வளவு உறுதி என்பதற்கு ஒன்று: 2013இல்கூட அலபாமா பல்கலைக்கழகத்து வெள்ளை சொராரிட்டிகள், பழைய மாணவிகளின் நிர்ப்பந்தத்தால் ஒரு கருப்பின மாணவியை ஒதுக்கியதை மாணவர் பத்திரிகை அம்பலமாக்கிய பிறகுதான் கொஞ்சம் திறந்தன.

இன்றைக்கு ஒரு வளாகத்தில் புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு இரண்டு வழி. ஏற்கெனவே உள்ள தேசிய அமைப்பின் கிளையாவது ஒன்று. கருப்பின அமைப்புகளில் இதைப் படிப்பு முடித்த மூத்தவர்களின் கிளைதான் மேற்பார்க்கும். குவாண்டரின் நிழல் அதில் இருக்கிறது. மற்றது, 1908 போல, ஒன்றுமில்லாததிலிருந்து எழுப்புவது. பெயர் கண்டுபிடித்து, அமைப்புச் சட்டம் எழுதி, வழிகாட்டும் ஓர் ஆசிரியரைப் பிடித்து, பல்கலைக்கழக அங்கீகாரம் வாங்கி, அடுத்த வருடம் நடத்த ஆள் சேர்ப்பது. நியூ ஜெர்ஸியின் கீன் கல்லூரியில் 1975இல் லத்தீன் அமெரிக்கப் பெண்கள் அப்படித் தொடங்கினார்கள். டெக்சாஸில் 1998இல், சில வாரங்கள் இடைவெளியில், ஆஸ்டினிலும் ஹூஸ்டனிலும் தெற்காசியப் பெண்கள் இரண்டு தனித்தனி சொராரிட்டிகளைத் தொடங்கினார்கள். அங்கே உடைய வேண்டிய அவசியமே வரவில்லை, தொடக்கத்திலேயே இரண்டு.

துளசேந்திரபுரத்துக்காரரின் பேத்தி கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படிக்கும்போது 1986இல் சேர்ந்தது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவில்தான். அவர் குடியரசுத் தலைவர் பதவிக்கு நின்ற 2024 ஆகஸ்டில், அந்த அமைப்பு தேர்தலுக்கு நிதி திரட்டும் அரசியல் குழு ஒன்றை ஏற்படுத்தியது. வெளியுலக அரசியலில் இறங்கவில்லை என்று 1913இல் இருபத்திரண்டு பேர் குறைசொல்லி விட்டுப்போன அதே அமைப்பு. அரசியலுக்கு வந்தபோதும் அவர்கள் முதலில் போனது ஒரு பதிவு அலுவலகத்துக்குத்தான். குழுவின் பெயரில் தொடங்கிய ஆண்டையும் சேர்த்துக்கொண்டார்கள்: 1908.